நூறு சதவீத ஒத்திசைவு

நாட்றாம்பாளையத்து மணிமேகலையின் வேன் ஓடும்போது கெட்டுப்போகவில்லை. சரிசெய்யக் கொண்டுபோய் விட்ட இடத்தில்தான் கெட்டது. மலைமேட்டில் இழுவை குறைகிறதே என்று ஓசூரில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் காட்டினாள். "ஈசிஎம்முக்குப் புது சாப்ட்வேர் ஏத்தினா சரியாப் போயிரும்க்கா. பத்தே நிமிஷம்" என்றார்கள். ஈசிஎம் என்பது எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் விடலாம் என்று முடிவு செய்யும் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். வண்டிக்கு மூளை அதுதான்.

ஏழாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. வேன் பேட்டரிக்குப் போட்டிருந்த சார்ஜரும் அணைந்தது. பழைய சாப்ட்வேரில் பாதி அழிந்து, புதியதில் பாதி ஏறி, பெட்டி அப்படியே நின்றுபோனது. அதற்குப் பிறகு சாவியைத் திருகினால் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், வைப்பர் ஆடும். எஞ்சின் மட்டும் கிளம்பாது.

"பாதியில நின்ன ஈசிஎம்மை நாங்க தொடக் கூடாதுக்கா. போன வருஷமே ஆர்டர் வந்திருக்குது. மையத்துக்குத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள்.

மணிமேகலை அந்த வேனை ஆறு வருஷமாக ஓட்டிவந்தாள். புருஷன் வெங்கடப்பன் ராகிக் காட்டோடு கிடப்பான். ஸ்டியரிங் பக்கமே போக மாட்டான். காலை ஏழு மணிக்கு ஊரிலும் வழியிலும் பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு, அஞ்செட்டி காடு தாண்டி, தேன்கனிக்கோட்டை தாண்டி, வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டும் தொழிற்சாலையில் எட்டே காலுக்கு இறக்கிவிடுவாள். எட்டரைக்கு ஷிப்ட். அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் விட வேறு வண்டி கிடையாது. முதல் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு ஐம்பது ஆகும். யானை ரோட்டில் நின்றால் எப்போது என்று யானைதான் சொல்ல வேண்டும்.

மையம் சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. அதன் முழுப்பெயர் 'எல்லை மண்டல வாகனக் கணினித் திறப்பு மற்றும் எழுதுகருவிகள் ஒத்திசைவு மையம்'. பெயர்ப்பலகைக்குள் அடங்காமல் மீதியை மதில் சுவரில் எழுதியிருந்தார்கள். அது தோன்றிய காரணம் நியாயமானதுதான். ஈசிஎம்மைத் திறந்து படிக்கவும் திரும்ப எழுதவும் டூல் விற்கும் கம்பெனிகள் பல. ஒரு கம்பெனியின் டூல் படித்து வைத்த பைலை இன்னொரு கம்பெனியின் டூல் சீந்தாது. தன் பூட்டைத் தன் சாவிதான் திறக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கத்தான் மையம். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வண்டியின் ஈசிஎம் கெட்டால், மறுபடி ஓட்ட மையத்தின் சான்றிதழ் வேண்டும் என்று ஆணையும் போட்டிருந்தார்கள்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன வேனைக் காவலாளி கேட்டிலேயே நிறுத்தினார். "கட்டி இழுத்தா ரெண்டு வண்டிக் கணக்கு. டோக்கன் ஒண்ணுதான் இருக்குது" என்றார். கயிற்றை அவிழ்த்துவிட்டு வேனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தானாக வந்த வண்டி என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

உள்ளே தொழில்நுட்ப அலுவலர் கௌதம் படிவம் கொடுத்தான். வண்டி வந்த நோக்கம் என்ற இடத்தில் மணிமேகலை 'ஓட வேண்டும்' என்று எழுதினாள். கௌதம் அதைப் பார்த்துச் சங்கடப்பட்டான்.

"அக்கா, அப்படி ஒரு நோக்கம் இதுல கிடையாது. ஆய்வு, ஒப்பீடு, காட்சி, இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க."

மூன்றில் எதற்கு வண்டி கிளம்பும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒப்பீடு என்றாள்.

இணை இயக்குநர் நாராயணப்பன் எழுந்து நின்று வரவேற்றார். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் நான்கு பேனா.

"உங்க வண்டி கொடுத்து வச்ச வண்டிம்மா. மையம் தொடங்கிப் பதினாலு மாசம் ஆச்சு. சோதனைக்குன்னு ஒரு வண்டிகூட வரலை. இனிமே உங்களுதுதான் மாதிரி வண்டி எண் ஒண்ணு."

"எப்ப சார் ஓடும்?"

"எங்ககிட்ட ஏழு கருவி இருக்கு. ஒண்ணு படிச்சதை இன்னொண்ணு எழுதணும். ஏழாறு நாற்பத்திரண்டு சோதனை. ஒரு நாளைக்கு ரெண்டு வச்சாலும் இருபத்தொரு வேலைநாள்."

மணிமேகலை கொஞ்சம் யோசித்தாள். "படிச்ச டூலாலயே திருப்பி எழுதினா ஆவாதுங்களா சார்?"

அறையில் இருந்தவர்கள் பைல்களைப் புரட்டத் தொடங்கினார்கள். கௌதம் மின்விசிறியைப் பார்த்தான். நாராயணப்பன் மட்டும் பொறுமையாகச் சிரித்தார்.

"அது ஒத்திசைவு இல்லைம்மா. தனக்குத்தானே ஒத்துப்போறதுல என்ன பெருமை? அப்படிச் செஞ்சா வண்டி ஓடிரும், அது வேற விஷயம். ஆனா அங்க மையத்துக்கு என்ன வேலை?"

மறுநாளிலிருந்து மணிமேகலை மூன்று பஸ் மாறி மையத்துக்கு வந்தாள். ஒவ்வொரு சோதனைக்கும் உரிமையாளர் நேரில் இருக்க வேண்டும் என்பது விதி. காலையில் எல்லோரும் வரிசையில் நின்று, 'ஒருவர் திறந்ததை ஒருவர் மதிப்போம்' என்று உறுதிமொழி எடுப்பார்கள். அவளும் எடுத்தாள். பிறகு வேனிலிருந்து கழற்றிய பெட்டியைப் பச்சைத் துணி விரித்த தட்டில் வைத்து அறை அறையாகக் கொண்டுபோவார்கள்.

கருவிக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் அதிகாரி. கருவிகள் ஒன்றோடொன்று பேசாதது போலவே அதிகாரிகளும் பேசிக்கொள்வதில்லை. இரண்டாம் கருவியின் அதிகாரி ஐந்தாம் கருவியின் அதிகாரியைவிட ஆறு மாதம் மூத்தவர். ஆகவே அவர் படித்த பைல் மாடிப்படி இறங்கி வராது, இவர்தான் ஏறிப்போய் வாங்க வேண்டும். ஏறிப்போனால் இவர் இளையவர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், ஒரு மேசை போட்டு அதில் வைத்து எடுத்துக்கொண்டார்கள். நான்காம் கருவிக்கு உரிமம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் பன்னிரண்டு சோதனைகளையும் 'செய்ததாகக் கொண்டு' முடித்தார்கள். அந்த நாட்களில்கூட பெட்டி அந்த அறைக்குப் போய், அரை மணி நேரம் அணைந்த கருவியின் முன்னால் இருந்துவிட்டுத் திரும்பியது.

எல்லாவற்றையும் மணிமேகலை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காதெல்லாம் போனில்தான் இருந்தது. ஏனென்றால் எட்டு ஐம்பது ஆனால் அனுப்ரியாவிடமிருந்து செய்தி வரும்.

பதினாறு பேரில் பதினைந்து பேர் வேலை நிரந்தரமானவர்கள். தாமதமானால் அரை நாள் பிடித்தம், அவ்வளவுதான். சிலர் தேன்கனிக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டார்கள். அனுப்ரியா மட்டும் பயிற்சிக்காரி. முழுசாக ஒரு வருஷம் தடையில்லாமல் முடித்தால் நிரந்தரம். நடுவில் ஆறு தடவை தாமதமானால் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வேன் நின்றபோது அவளுக்குப் பதினோரு மாதம் நெருங்கியிருந்தது. அறை எடுத்துத் தங்க அவளால் முடியாது. அவள் அம்மா வெங்கடம்மாளுக்கு வலிப்பு வரும். ராத்திரியில் பக்கத்தில் ஆள் வேண்டும். பால் டெம்போ கிடைத்த நாட்களில் பால் கேனோடு கேனாகத் தொற்றிக்கொண்டு நேரத்துக்குப் போனாள். கிடைக்காத நாட்களில் செய்தி வரும்: 'அக்கா, மூணு.' பிறகு, 'அக்கா, நாலு.'

நான்காவது வந்த அன்று மணிமேகலை நாராயணப்பனின் அறைக்குள் கேட்காமலே நுழைந்தாள்.

"சார், ஒரு பொண்ணு வேலை போவப் போவுது. என் பெட்டியக் குடுத்துருங்க. நான் எப்படியோ பாத்துக்கறேன்."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இருபத்தெட்டு சோதனை முடிஞ்சாச்சு. இருபத்தெட்டுலயும் வண்டி கிளம்பலை. இப்ப நடுவுல எடுத்துட்டுப் போனா மீதி பதினாலுலயும் கிளம்பாதுங்கறதை நாங்க எப்படி நிரூபிக்கறது?"

நாற்பத்திரண்டாவது சோதனையும் முடிந்தது. வண்டி கிளம்பவில்லை. மையம் முழுக்க லட்டு கொடுத்தார்கள்.

விழா வைத்தார்கள். வேனுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, பந்தல் முன்னால் நிறுத்தினார்கள். பயனாளி என்று மணிமேகலையை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். நாராயணப்பன் மைக்கைப் பிடித்தார்.

"ஏழு நாட்டுக் கருவிகள்! ஏழு விதமான பூட்டு! இவை ஒன்றாக ஒரு முடிவுக்கு வரவே வராது என்று சொன்னார்கள். நாற்பத்திரண்டு சோதனை செய்தோம். நாற்பத்திரண்டிலும் ஒரே முடிவு! ஒரு கருவிகூட மாற்றிச் சொல்லவில்லை! இதைவிட ஒத்திசைவு உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? நூற்றுக்கு நூறு! வண்டி ஓடுவதும் ஓடாததும் அந்தந்த வண்டியின் சொந்த விஷயம். அதில் மையம் ஒருநாளும் தலையிட்டதில்லை, இனியும் தலையிடாது."

கைதட்டல் அடங்கியதும் சென்னையிலிருந்து வந்திருந்த உயர் அதிகாரி வேனில் ஏறி, நல்ல நேரம் பார்த்துச் சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது. வைப்பர் ஒருமுறை ஆடி மாலையிலிருந்து இரண்டு சாமந்தியை உதிர்த்தது.

"எஞ்சின் ஓடுற சத்தமே கேக்கலையே!" என்றார் வியப்போடு.

"இப்ப எல்லாம் அப்படித்தான் சார்" என்றார் நாராயணப்பன். மறுபடியும் கைதட்டினார்கள்.

பயனாளி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். மணிமேகலை மைக்கை வாங்கி, "வண்டி கிளம்பலைங்க" என்றாள். கௌதம் பக்குவமாக மைக்கைத் திரும்ப வாங்கி, "மகிழ்ச்சியில் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை" என்று அறிவித்தான். அந்த நேரத்தில்தான் அவள் மடியில் போன் அதிர்ந்தது. சால்வையோடு மேடைக்குப் பின்னால் போய் எடுத்தாள்.

"அக்கா, கார்டை வாங்கிக்கிட்டாங்க." அனுப்ரியா அழவில்லை. "இன்னும் ஒன்பது நாள்தான்க்கா இருந்துச்சு."

விழா முடிந்து, பெட்டியையும் சான்றிதழையும் கொடுத்தார்கள். கேட்டு வரைக்கும் கூடவே வந்த கௌதம், காவலாளி திரும்பியிருந்த நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. வண்டிய இழுக்க வேண்டாம். பெட்டிய மட்டும் பையில போட்டு பஸ்ஸுல அத்திப்பள்ளி போங்க. செக்போஸ்ட் தாண்டி ரெண்டாவது சந்து. சாந்தம்மான்னு கேளுங்க."

சாந்தம்மா கர்நாடகக்காரி. ஐம்பது வயசு இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் ஒரு மேசை, ஒரு பழைய லேப்டாப், ஓரம் உடைந்த ஒரே ஒரு டூல்.

"பாதியில கரண்ட் போய்டுச்சா? உக்காரம்மா. டீ குடி."

பெட்டியின் பின்களில் ஒயர்களை மாட்டினாள். படித்தாள். வண்டியின் சாவி நம்பரை அதிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டாள். இதே மாடல் வேனின் நல்ல பைல் ஒன்று அவளிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்து அதே டூலால் எழுதினாள். கரண்ட் போனால் தாங்க ஒரு லாரி பேட்டரி மேசைக்கு அடியில் இருந்தது. டீ ஆறிக் கொஞ்ச நேரம் கழித்து, மொத்தம் நாற்பது நிமிஷத்தில், "ஆய்த்தம்மா, முடிஞ்சுது. கொண்டுபோய் மாட்டு" என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். சூளகிரி மையத்து ஜீப்பு கூட ரெண்டு தடவை வந்திருக்குது. பெரிய சாரே வந்தாரு. நல்ல மனுஷன், ரசீது வேணாம்னுட்டாரு."

மணிமேகலைக்குச் சிரிக்க வரவில்லை. நாற்பது நிமிஷம். அவள் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள். காசு இல்லையோ என்று நினைத்த சாந்தம்மா, "பரவால்லம்மா, அப்புறம் குடு" என்றாள். அது வேறு அழுகையைக் கூட்டியது.

மையத்து மதிலுக்கு வெளியே தள்ளி நிறுத்தியிருந்த வேன், பெட்டியை மாட்டியதும் முதல் திருகலிலேயே கிளம்பியது. மறுநாள் பதினைந்து பெண்கள் ஏறினார்கள். அனுப்ரியாவின் வீட்டு முன்னால் மணிமேகலை வழக்கம்போல் ஹாரன் அடித்துவிட்டாள். அடித்த பிறகுதான் உறைத்தது. வெங்கடம்மாள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் போய் நின்றபோது அனுப்ரியா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "எச்.ஆர். சார் சொன்னாரு, வண்டி நின்னுதுன்னு மையத்துல இருந்து சீல் வச்ச கடுதாசி கொண்டாந்தா பாக்கலாம்னு. அவங்க எங்கக்கா குடுப்பாங்க?"

"நான் வாங்கியாறேன்" என்றாள் மணிமேகலை.

போகும் முன்னாலேயே மையத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. நாராயணப்பன் இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை.

"வண்டி ஓடுதுன்னு கேள்விப்பட்டோம். உண்மையா?"

"ஆமாங்க சார். அதுலதான் வந்தேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எவ்வளவு பெரிய சங்கடம் தெரியுமாம்மா? எந்தச் சோதனையிலயும் கிளம்பாதுன்னு ஏழு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்காங்க. அது கிளம்பிருச்சுன்னா அவங்க கதி? அவங்களுக்கும் குடும்பம் இருக்குது. சான்றிதழை ரத்து பண்ணிட்டு மறுபடி நாற்பத்திரண்டு வைக்க வேண்டியதுதான்."

மறுபடி இருபத்தொரு நாள் என்று மணிமேகலை கணக்குப் போட்டாள். ஆனாலும் வந்த காரியத்தைச் சொன்னாள். "சார், அந்த இருபத்தொரு நாளும் வண்டி நின்னுதுன்னு ஒரு கடுதாசி வேணும். ஒரு பொண்ணோட வேலை அதுலதான் இருக்குது."

"அதெப்படிம்மா? அந்த நாட்கள்ல உங்க வண்டி தொடர் செயல்பாட்டுல இருந்ததா பதிவு. நின்னுதுன்னு எழுதினா தணிக்கையில மாட்டிக்குவோம்."

"கிளம்பலைன்னு நீங்கதான சார் அன்னிக்குச் சொன்னீங்க?"

"கிளம்பலைங்கறது வேற, நின்னுதுங்கறது வேற. நிக்கறது வண்டியோட குறை. கிளம்பாதது சோதனையோட முடிவு." பெருமூச்சு விட்டு, ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "ஒரே வழிதான் இருக்குது. வண்டி கிளம்பாதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சான்றிதழ் அப்படியே இருக்கும். நீங்க பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க, யார் கேக்கப் போறாங்க?"

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பாத வண்டியைக் காட்டு ரோட்டில் ஓட்டுவதை நினைத்துப் பார்த்தாள். ஒன்று ஆகிப்போனால் அந்தத் தாள் என்ன சொல்லும் என்றும் நினைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தேதி போட்டு எழுதலாமா சார்? சோதனை ஆரம்பிச்ச நாளிலிருந்து முடிஞ்ச நாள் வரைக்கும், எவ்வளவு முயற்சி பண்ணியும் எஞ்சின் கிளம்பலைன்னு. நடந்தது அதுதான். இன்னிக்குத் தேதிக்கு மட்டும் எழுத மாட்டேன். இன்னிக்கு ஓட்டிட்டு வந்திருக்கேன்."

நாராயணப்பன் நான்கு பேனாவையும் தொட்டுப் பார்த்து, பச்சையை எடுத்தார். முகம் தெளிந்தது.

"அதுதான்மா சரி! அறிக்கைத் தேதியோட அப்படியே பொருந்துது. இன்னிக்கு நடக்கறது எங்களுக்கு விஷயமே இல்லை. இப்பத்தான் நீங்க ஒத்திசைவுக்கு வந்திருக்கீங்க."

அவள் எழுதினாள். அவர் மேலொப்பம் போட்டார். அவள் கேட்டபடி நகலிலும் வட்ட முத்திரை விழுந்தது. அதை எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தொழிற்சாலையில் எச்.ஆர். அதிகாரி நகலை இரண்டு முறை படித்தார். முத்திரையை விரலால் தடவினார். "வண்டிதான் காரணம்னு தெரியுது. அந்தப் பொண்ணைத் திரும்ப எடுத்துக்கலாம்" என்றார். மணிமேகலை கும்பிடப் போன கையை, அவர் சொன்ன அடுத்த வார்த்தை நிறுத்தியது. "ஆனா பத்து நாள் இடைவெளி விழுந்திருச்சு. பழைய சர்வீஸ் கணக்குல வராது. புதுசா சேர்ந்ததாத்தான் வரும். ஒண்ணாம் நாளிலிருந்து."

"சார், பதினோரு மாசத்துக்கு மேல வேலை செஞ்சிருக்குது."

"சிஸ்டம் எடுக்காதும்மா."

மறுநாள் காலை ஹாரன் அடித்ததும் அனுப்ரியா வந்து ஏறினாள். மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். காட்டு வளைவில் புது யானைச்சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. மணிமேகலை கண்ணாடியில் பார்த்தாள். அனுப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

தொழிற்சாலை கேட்டில் எட்டே காலுக்கு நின்றது. பதினைந்து பேரும் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். அனுப்ரியாவுக்கு அட்டை வரவில்லை. செக்யூரிட்டியிடம் பெயர் எழுதிவிட்டு, புதுசாகச் சேர வந்த சின்னப் பெண்களோடு வரிசையில் நின்றாள். அவர்கள் அவளிடம் உள்ளே டாய்லெட் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினாள். வரிசை நகரும் முன் திரும்பி, டிரைவர் ஜன்னல் பக்கம் நடந்து வந்தாள்.

"அக்கா."

"சொல்லும்மா."

"இன்னும் முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள். வண்டிய எங்கயும் காட்டிறாத."

மணிமேகலை தலையாட்டினாள். வரிசை உள்ளே போய்க் கதவு மூடும் வரைக்கும் எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.